பதினேழாம் நம்பர் மலையில் நாங்கள் எழுப்பிய காடு

பலகையைத் தூக்கு. நிற்கிற புல்லின் மேல் சாய்த்து வை. ஏறி நின்று உடம்பின் கனத்தையெல்லாம் கொடுத்து மிதி. இறங்கு. மறுபடி தூக்கு.

மத்தியானம் தாண்டிய வெயில். எனக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு லாலாங் புல். அதன் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். மணிக்கட்டு வரை பழைய சட்டைக் கையை இழுத்துக் கட்டியிருந்தும் எங்கெல்லாமோ கீறியிருந்தது. வியர்வை பட்டதும் ஒவ்வொரு கீறலும் தன் இடத்தைச் சொன்னது.

பலகையின் இரண்டு முனையிலும் ஓட்டை போட்டுக் கயிறு கோத்திருந்தோம். அந்தக் கயிறு தோளில் கிடக்கும். எனக்கு இடது பக்கம் குப்பம்மா அக்கா. அவருக்கு அந்தப் பக்கம் எங்கள் வெளிக்காட்டுக் கும்பல் பெண்கள், வரிசையாக, மலையின் சரிவு முழுக்க.

கீழே சடக்கில், அந்த மண் ரோட்டில், சீவிய ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆண்கள் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"என்னா குப்பம்மா! பொம்பளைங்க எல்லாம் சேந்து புல்லு மேல டான்ஸ் பழகுறீங்களா?"

"ஆமாலா! ஆள் பத்தல. நீ வந்து மேளம் அடி!"

சிரிப்பு மலை வரைக்கும் ஏறி வந்தது. அந்தக் கூட்டத்தில் என் வீட்டுக்காரரும் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. நின்று பார்க்கவும் இல்லை. சைக்கிளின் முன்சக்கரத்தையே பார்த்தபடி மிதித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அதுதான் வலித்தது.

ராசாவிலிருந்து வந்த பெண்

கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்த கதையோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "டவுனில் பிறந்த பெண்ணுக்குப் புல்லும் மரமும் எப்படித் தெரியும்?"

தெரியாது. அதுதான் உண்மை. சிரம்பானை ஒட்டிய ராசாவில் பிறந்தவள் நான். வாசலில் தார் ரோடு, கூப்பிடு தூரத்தில் கோயில், பஸ் சத்தம். எங்கள் வீட்டில் இருந்த தாவரம் என்று சொன்னால், பழைய பால் டின்னில் ஒரு துளசி, வேலியில் ஒரு காகிதப்பூக் கொடி. அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் முனியாண்டியைக் கட்டிக்கொண்டு, நீலாய்ப் பக்கம் உள்ளே தள்ளியிருந்த அந்தத் தோட்டத்துக்கு வந்தேன். அவர் பால்மரம் சீவுகிறவர். எனக்குச் சீவத் தெரியாது. தெரியாதவர்களுக்கு வெளிக்காட்டு வேலை. புல் பிடுங்குவது, உரம் போடுவது, முதுகில் பம்பைச் சுமந்து களைக்கு மருந்து அடிப்பது.

மருந்து அடித்த நாளில் எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையில் வாடை போகாது. சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவோம். குப்பம்மா அக்காவுக்கு இரண்டு கட்டைவிரல் நகங்களும் வெளுத்து உரிந்தன. "நெயில் பாலிஷ் போட்ட மாதிரி இல்ல?" என்று நீட்டிக் காட்டிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். சிரித்துவிட்டு எங்கள் நகங்களைப் பார்த்துக்கொள்வோம்.

குப்பம்மா அக்கா என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். குரல் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. வேலை முடிந்து வந்தால் அவருக்கு மாடுகள் உண்டு. லயத்து வரிசை வீடுகளின் குழந்தைகளில் பாதிப் பேர் அந்த மாட்டுப் பாலைக் குடித்து வளர்ந்தவர்கள்.

மலை மொட்டையான விதம்

தோட்டத்தில் ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு நம்பர். லயத்துக்கு நேர் பின்னால் இருந்த மலை பதினேழாம் நம்பர். நான் வந்த புதிதில் அதில் கிழட்டு ரப்பர் மரங்கள் நின்றன. எண்ணெய்க்கான செம்பனை நடுவதற்காக அதையெல்லாம் சாய்த்தார்கள். மலையோ செங்குத்து. நட்ட கன்றுகளை முதல் பெருமழையே மண்ணோடு அள்ளிக்கொண்டு போய்ச் சடக்கில் கொட்டியது. நிர்வாகம் கை கழுவிவிட்டது.

வெறும் மண்ணைக் கண்டால் லாலாங் விடுமா? ஒரே மழைக்காலத்தில் மலை முழுக்கப் பச்சை. பூத்தபோது வெள்ளைப் பஞ்சாக அசைந்தது. அழகாக இருக்கிறதே என்று நான்கூட முதலில் நினைத்தேன்.

கூடவே வேறு வந்தேறிகளும் சேர்ந்தன. மலாய்க்காரர்கள் 'போக்கோ கப்பால் தெர்பாங்', அதாவது விமானச் செடி, என்று சொல்கிற ஒரு புதர். கசக்கினால் காரமாக வாடை அடிக்கும். அப்புறம் இதய வடிவ இலையோடு ஒரு கொடி. எது நிமிர்ந்து நின்றாலும் அதன் தலையில் ஏறி மூடி, மூச்சை நிறுத்திவிடும். அந்தக் காலத்தில் ரப்பர் காட்டில் மண்ணை மூடுவதற்காக வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்ததாம். முறையான பெயர் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் வைத்த பெயர் 'ஊர்சுத்தி'.

வெயில் காலம் வந்தது. லாலாங் காய்ந்தது. எங்கிருந்தோ ஒரு பொறி. மலை சடசடவென்று எரிந்தது. எரிந்து முடித்த கையோடு முதல் மழைக்கே மறுபடி பச்சையாக எழுந்து நின்றது. அதன் உயிர் மண்ணுக்குள் வேர்த்தண்டில் இருக்கிறது. தீ எரிப்பது மற்றவற்றைத்தான். தப்பித்தவறி முளைத்த மரக்கன்று எல்லாம் கருகிப் போகும், லாலாங்குக்கு இன்னும் இடம் கிடைக்கும். வருஷா வருஷம் இதே கதை.

ஒரு வருஷம் தீ இறங்கி வந்து குப்பம்மா அக்காவின் மாட்டுக் கொட்டகையைப் பிடித்தது. நாங்கள் வேலைக்காட்டில் இருந்தோம். ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா அழவில்லை. கொட்டகை இருந்த இடத்தில் உட்கார்ந்து, கருகிய கயிற்றின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவுத்து விட்டிருந்தா ஓடியிருக்கும் சரசு. கட்டிப் போட்டுட்டுப் போயிட்டேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

தீ ஒரு பக்கம், தண்ணீர் இன்னொரு பக்கம். அந்த மலையடியில்தான் ஊற்று இருந்தது. அதிலிருந்து குழாய் போட்டு லயத்துத் தொட்டிக்குத் தண்ணீர் வரும். மலை மொட்டையான பிறகு மழை பெய்தால் தொட்டியில் செஞ்சேறு, பெய்யாவிட்டால் காற்று. வெயில் நாளில் குழாயைத் திருகினால் இருமுவதுபோல் ஒரு சத்தம் வரும், அதோடு சரி.

ஒரு மரம் உருண்ட தடம்

ஊற்றுத் தண்ணீர் தோட்டத்தின் எல்லையைத் தாண்டி ஓடையாகி, பக்கத்துக் கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், இருந்த நெல்வயல்களுக்குப் போகும். அங்கே ஒரு வயல் காக் லிஜாவுடையது; 'காக்' என்றால் மலாயில் அக்கா. எங்கள் நெகிரி மாநில மலாய்க்காரர்களிடம் பரம்பரை நிலம் பெண் வழியாகப் போகும். அவர் வயல் அவருடைய அம்மாவிடமிருந்து அவருக்கு வந்தது. அதில் அவருக்கு ஒரு கம்பீரம். வரப்பில் நின்றால் கையை இடுப்பில் வைத்துத்தான் நிற்பார்.

ஓடை வற்றியதும் அவர் வயலில் நாற்று நடவே முடியவில்லை. என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஓடை வழியே மேலே ஏறி வந்தவர், தொட்டியடியில் காலி வாளியோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கும் இல்லையா?" என்று மலாயில் கேட்டார்.

"எங்களுக்கும் இல்லை" என்றேன்.

அப்படித்தான் எங்கள் சினேகம் ஆரம்பித்தது.

இரண்டு பேரும் சேர்ந்தே மலை ஏறினோம். உச்சிக்கு அருகில் ஒரு பள்ளத்தில் மட்டும் பழைய காட்டின் ஒரு துண்டு மிச்சமிருந்தது. வெட்டுகிறவர்கள் இறங்க முடியாத இடுக்கு. உள்ளே நுழைந்தால் ஈரம், அட்டை, இலைமட்கிய வாசம். அங்கே மட்டும் பாறையிடுக்கில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

திரும்பி இறங்கும்போதுதான் அதைப் பார்த்தோம். மரம் சாய்த்த காலத்துக்குப் பிறகும் மேலே கிடந்த ஒரு பெரிய கட்டை, ஏதோ ஒரு மழையில் பிடி நழுவிக் கீழே உருண்டிருந்தது. அது உருண்ட தடத்தில் லாலாங் படுத்துக் கிடந்தது. ஒடியவில்லை, வளைந்து படிந்திருந்தது. எரிந்தால் எழுகிற புல், வெட்டினால் எழுகிற புல், இங்கே எழவில்லை. மேலே கிடந்த புல் கீழே இருந்ததை அமுக்கி, வெயில் படாமல் வெளுக்க வைத்திருந்தது.

அந்தப் படுக்கையின் நடுவில் முழங்கால் உயரத்துக்குக் கன்றுகள்! அகலமான இலை வைத்த மஹாங். ஊதாப் பூவோடு செண்டுடுக். காக் லிஜா ஒவ்வொன்றையும் தொட்டுப் பெயர் சொன்னார். லெபான் கன்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "இது லேசில் சாகாது. எரிந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும்" என்றார்.

நான் சுற்றிப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்த லாலாங்கை விலக்கினால் அங்கேயும் கன்றுகள் இருந்தன. நூலாக மெலிந்து, வெளிச்சத்துக்கு ஏங்கிக்கொண்டு. பறவை போட்ட விதை, காற்று கொண்டு வந்த விதை.

"காக், நட வேண்டிய வேலை பாதிதான். மீதி ஏற்கெனவே இங்கே காத்திருக்கு" என்றேன்.

"அப்போ புல்லைப் படுக்க வைக்கணும்" என்றார் அவர்.

"நாங்க அடிக்க மாட்டோம்"

அந்தச் சமயத்தில்தான் நிர்வாகம் பதினேழாம் நம்பருக்கு மருந்து அடிக்க உத்தரவு போட்டது. விடியற்காலைப் பெரட்டில், ஆள் எடுக்கிற நேரத்தில், உதவி மேனேஜரான சின்னத் துரை அதைச் சொன்னார். ஈப்போக்காரர், இளைஞர், தமிழ் நன்றாகப் பேசுவார். கெட்ட மனிதர் கிடையாது.

முந்தின நாளே நாங்கள் பேசி வைத்திருந்தோம். இருந்தாலும் வாய் திறக்க வேண்டிய நேரத்தில் எனக்கு லயத்து வீடு ஞாபகம் வந்தது. வேலை போனால் வீடும் போகும். தோட்டத்தில் அது ஒன்றோடு ஒன்று.

"மலைக்கு நாங்க மருந்து அடிக்க மாட்டோம், தொரெ."

பெரட்டுக் களத்தில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

"ஏம்மா?"

"அங்க அடிக்கிற மருந்து மழை பேஞ்சா ஊத்துக்கு வந்துரும். ஊத்துலேர்ந்து டேங்கிக்கு. டேங்கிலேர்ந்து எங்க புள்ளைங்க வாயிக்கு."

"அடிக்காம விட்டா அடுத்த வெயில்ல தீ லயத்துக்கே வரும். அப்ப யாரு பொறுப்பு?"

"அடிச்சாலும் வரும் தொரெ" என்று குப்பம்மா அக்கா முன்னால் வந்தார். "மருந்துல காஞ்ச லாலாங்தான் மொதல்ல பத்துது. போன தடவ சடக்கோரம் அடிச்ச எடத்துலேர்ந்துதான் என் மாட்டுக்கு நெருப்பு வந்துச்சு."

சின்னத் துரை மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சரி, வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

"மிதிக்கப் போறோம்" என்றேன்.

களம் முழுக்கச் சிரித்தது. எனக்கு முகம் சூடேறியது. சிரிப்பு அடங்கும் வரை நின்று, உருண்ட கட்டையின் தடத்தைப் பற்றிச் சொன்னேன். புல்லைப் படுக்க வைப்போம், உள்ளே இருக்கிற கன்றுகளைக் காப்போம், வெற்றிடத்தில் காட்டுக் கன்று நடுவோம், சடக்கை ஒட்டித் தீ தாண்டாதபடி ஒரு பட்டை வெட்டி வைப்போம். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அவரே மலையேறி வந்து அந்தத் தடத்தைப் பார்த்தார். குனிந்து புல்லைப் புரட்டிப் பார்த்தார்.

"வேலை நேரத்துல விட முடியாது. பெரிய தொரைக்கு நான் பதில் சொல்லணும். உங்க சொந்த நேரத்துல செய்ங்க. அதுவரைக்கும் மருந்த நிறுத்தி வைக்கிறேன். ஆனா மலை எரிஞ்சுதுன்னா, மறுநாளே பம்பு. சம்மதமா?"

"சம்மதம்" என்றோம்.

வீட்டில்தான் சம்மதம் இல்லை.

"ஒனக்கு என்ன வந்துச்சு? எல்லாரும் பேசாம இருக்கும்போது நீ மட்டும் தொரெகிட்ட எதுத்துப் பேசுற" என்றார் முனியாண்டி. "வேல முடிஞ்சு வந்து ஒடம்பப் போட்டு அடிச்சு, கம்பெனி மலைய நீ ஏன் பாக்கணும்?"

"கம்பெனி மலைதான். தண்ணி யாரு குடிக்கிறது?"

அவர் தட்டை இழுத்துக்கொண்டார். எதிர்த்தும் நிற்கவில்லை, உதவிக்கும் வரவில்லை. சுவருக்கும் எனக்கும் நடுவே பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். அந்த வீட்டில் அது ஒரு நீண்ட மழைக்காலம்.

கந்தல் கட்டிய குச்சிகள்

நான் முதலில் சொன்ன அந்த மத்தியானம் இதற்குப் பிறகு வந்ததுதான்.

வேலையில் ஒரு கணக்கு இருந்தது. ஈரம் இருக்கும்போது மிதித்தால் தண்டு ஒடியாமல் வளையும், எழாது. மிதிப்பதற்கு முன்னால் ஒருத்தி உள்ளே நுழைந்து கன்றுகளைத் தேடுவாள். கன்று இருந்தால் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, அதன் தலையில் பழைய சேலைக் கந்தலைக் கட்டுவாள். பலகைக்காரிக்கு அது அடையாளம். மலைச் சரிவெங்கும் எங்கள் கல்யாணச் சேலை, தீபாவளிச் சேலைகளின் கிழிசல்கள் ஆடின. "நம்ம மானமெல்லாம் மலையில பறக்குது" என்பார் குப்பம்மா அக்கா.

காக் லிஜா பள்ளத்துக் காட்டிலிருந்து கன்றும் விதையும் எடுத்து வருவார். புலாய், தெம்புசு, காட்டு அத்தி, பெத்தாய். அவர் கூட்டாளிப் பெண்கள் இரண்டு மூன்று பேரும் வந்தார்கள். ஈரம் நிற்கிற இடத்தில் அத்தி, காய்ந்த முதுகில் தெம்புசு என்று இடம் பார்த்து வைத்தோம். ஊர்சுத்தியைப் பிடுங்கினால் மட்டும் போதாது. துண்டு விழுந்த இடத்திலெல்லாம் அது வேர்விடும். ஆகவே பிடுங்கிச் சாக்கில் போட்டுக் கீழே கொண்டுவந்து காய வைத்துக் கொளுத்துவோம். அந்தச் சாம்பலைப் பார்க்கும்போது வருகிற திருப்தியை எழுத்தில் சொல்ல முடியாது.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நினைக்காதீர்கள். பாதிக் கன்று செத்தது. ஒரு பக்கம் மிதித்து முடிப்பதற்குள் மறுபக்கம் எழுந்தது. சில பெண்கள் நின்றுகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் கைப்பிள்ளை இருக்கும். சில நாள் குப்பம்மா அக்காவும் நானும் மட்டும் மலையில் நின்றிருக்கிறோம்.

அந்த வெயில் காலம் தீ இல்லாமல் கழிந்தது. ஒரு காலை, நாற்றுப் போடச் சின்னத் துரை அனுப்பிய கறுப்புப் பைகள் ஒரு கட்டு ஸ்டோர் வாசலில் எங்களுக்காக இருந்தது.

நெருப்பு மறுபடி வந்தது

அடுத்த வெயில் கடுமையாக இருந்தது. கன்றுகள் அப்போது தலைக்கு மேல் போயிருந்தன. மஹாங் இலைகள் விரிந்து கீழே நிழல் விழ ஆரம்பித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. துணி துவைத்துக்கொண்டிருந்தேன். முதலில் வாசம் வந்தது. நிமிர்ந்தால் சடக்குப் பக்கம் புகை.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஓடும்போது "சாக்கு! சாக்க நனச்சு எடுங்க!" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. நாங்கள் இன்னும் மிதிக்காமல் விட்டிருந்த ஓரத்தில் நெருப்பு இரண்டு ஆள் உயரத்துக்கு நின்று உறுமியது. நாங்கள் வெட்டியிருந்த பட்டையில் அதன் பெரும்பகுதி முட்டி நின்றது. ஆனால் காற்று பொறிகளைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டது. கன்றுகள் நின்ற பக்கம்.

அங்கேதான் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. படுத்துக் கிடந்த புல்லில் தீ கணுக்கால் உயரத்துக்குத்தான் எழுந்தது. நின்ற புல்லில் ஓடுகிற தீ, இங்கே ஊர்ந்தது. அடிக்க முடிந்தது. ஈரச் சாக்கால் அடி, நகர், அடி. பக்கத்தில் குப்பம்மா அக்கா ஒவ்வோர் அடிக்கும் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். அவர் மாடுகளுக்காக அடித்த அடி அது.

புகையில் கண் எரிந்து ஒரு நிமிஷம் நான் தடுமாறினேன். யாரோ என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்து, என் இடத்தில் நின்று அடிக்க ஆரம்பித்தார். முனியாண்டி. அவருக்குப் பின்னால் லயத்து ஆண்கள். டான்ஸா என்று கேட்டவரும் இருந்தார், இரண்டு கையிலும் சாக்கு. கம்பத்துப் பக்கத்திலிருந்து காக் லிஜாவும் அவர் ஆட்களும் வாளியோடு ஏறி வந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. கீழ்ச்சரிவில் ஒரு பகுதி போய்விட்டது. மேல்மலை நின்றது. அதன் பச்சைக்குக் கீழே நாங்கள் எல்லோரும் கறுப்பாக உட்கார்ந்திருந்தோம். முனியாண்டிக்குப் புருவம் பொசுங்கியிருந்தது. என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

மறுநாள் சின்னத் துரை வந்தார். பம்பைப் பற்றி என்ன சொல்லப்போகிறாரோ என்று நாங்கள் நின்றோம். எரிந்த ஓரத்தையும் எரியாத மலையையும் பார்த்துவிட்டு, "தீ வந்துச்சு. ஆனா மலை எரியலையே" என்றார். அவ்வளவுதான். மருந்துப் பேச்சு அதோடு முடிந்தது.

அன்று பால் நிறுத்துவிட்டு வந்த முனியாண்டி, சைக்கிளைச் சடக்கோரம் சாய்த்துவிட்டு மலையேறி வந்தார். என் பலகையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இந்தக் கயிறு ரொம்ப நீளம். அதான் ஒனக்கு முதுகு வலிக்குது. சுருக்கிக் கட்டணும்" என்றார்.

கயிற்றைச் சுருக்கிக் கட்டி, தன் தோளிலேயே மாட்டிக்கொண்டார். நான் கந்தல் குச்சிகளை எடுத்துக்கொண்டு கன்று தேட முன்னால் நடந்தேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

எரிந்த சரிவில், மழை விழுந்த சில வாரத்தில், கருகிய லெபான் கட்டைகளின் அடியிலிருந்து செந்துளிர்கள் வந்தன. ஒன்றில்லை இரண்டில்லை. காக் லிஜா இடுப்பில் கை வைத்து நின்று அதை ஒரு ராணி மாதிரி பார்த்தார்.

தண்ணீர்

மரங்கள் தலையோடு தலை சேர்ந்து மலை மேல் நிழல் மூடச் சில வருஷங்கள் ஆயின. நிழல் விழுந்த இடத்தில் லாலாங் தானாக ஒடுங்கியது. அதற்கு வெளிச்சம் வேண்டும். இவ்வளவு நாள் எங்களைப் பயமுறுத்திய புல், மர நிழலில் நோஞ்சானாக மஞ்சளடித்து நின்றதைப் பார்த்துக் குப்பம்மா அக்காவே "பாவம்லா" என்றார்.

நாங்கள் நடாத மரங்களும் வந்தன. அத்தி காய்த்ததும் பறவைகள் குடியேறின. அவை தின்று போட்ட விதையெல்லாம் கன்றாயிற்று. பள்ளத்துக் காட்டிலிருந்து லோத்தோங் குரங்குகள் இறங்கி வந்து லயத்து வாழைக்குலையில் கை வைத்தன. அதற்கும் பெண்கள் என்னிடம்தான் சண்டைக்கு வந்தார்கள். "நீதான காடு வளத்த? உன் குரங்க நீயே கூப்பிட்டுக்க!"

தொட்டியில் சேறு வருவது நின்றது எப்போது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. ஒரு நாள் பெருமழை பெய்து ஓய்ந்த பிறகு குழாயைத் திறந்தேன். வாளியின் அடி தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தன் வாளியைக் கொண்டு வந்து பிடித்துப் பார்த்தாள். அதிலும் அடி தெரிந்தது. வெயில் காலத்தில் தண்ணீர் மெலிந்து வந்தது, ஆனால் வந்துகொண்டே இருந்தது.

ஓடையும் கம்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. காக் லிஜா மறுபடி நாற்று நட்டார். கதிர் முற்றுவதற்கு முன் அறுத்து, வறுத்து, இடித்து எம்பிங் செய்வார்கள். நம் அவல்தான். அதை ஒரு பெரிய கூடையில் கொண்டுவந்து லயத்தில் வீடு வீடாகக் கொடுத்தார். தேங்காயும் சீனியும் போட்டு நாங்கள் தின்றோம். குழந்தைகள் பாத்திரத்தை நக்கினார்கள். "இது உங்க மலைத் தண்ணியில வெளஞ்சது" என்று மலாயில் ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாசலுக்குப் போனார்.

லாரியில் போனோம்

தொண்ணூறுகளில் அந்தத் தோட்டம் துண்டானது. பாதி வீடமைப்பு, பாதி தொழிற்சாலை. நாங்கள் அம்பாங்கானில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். பதினேழாம் நம்பர் மலையை யாரும் தொடவில்லை. வீடு கட்ட முடியாத செங்குத்து என்பார்கள். ஓடைக்காக விட்டார்கள் என்றும் சொல்வார்கள். காரணம் எதுவானால் என்ன, மலை நிற்கிறது. நெடுஞ்சாலையில் போகும்போது வீட்டுக் கூரைகளுக்கு மேலே கரும்பச்சையாகத் தெரியும். கூட யார் இருந்தாலும் கையைக் காட்டி, "அது நாங்க வளத்தது" என்பேன். டிரைவர் அந்நியர் என்றாலும் விடுவதில்லை.

ஆனால் இந்த வாரத்தை நான் முடிக்க நினைப்பது அதற்கு முந்தின ஒரு நாளில், எண்பதுகளின் கடைசியில்.

பக்கத்துத் தோட்டம் ஒன்றிலும் இதே மாதிரி ஒரு லாலாங் சரிவு, இதே தீ. அவர்கள் எங்கள் சின்னத் துரையிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் எங்களிடம் வந்து, "போய்ச் சொல்லிக் குடுத்துட்டு வர்றீங்களா? வேலை நேரத்துலயே போங்க" என்றார். வேலை நேரத்திலேயே! அந்த ஒரு வார்த்தைக்கே குப்பம்மா அக்கா புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

லாரி வந்தது. எத்தனையோ தடவை லாரியில் ஏறியிருக்கிறோம், முதுகில் பம்போடு. அன்று காக் லிஜா முன்சீட்டில், நாங்கள் பின்னால் பலகைகளோடு. வழியெல்லாம் பாட்டு.

அங்கே களத்தில் கூட்டம் நின்றது. ஆண்கள், பெண்கள், மேஸ்திரி வேலை பார்க்கிற மண்டோர்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளம் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, முன்னால் வந்தார். லாரியிலிருந்து இறங்கிய எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எங்களை எங்கே வைப்பது என்று அவருக்குப் புரியவில்லை.

"நீங்க எந்த எலாகாலேர்ந்து வர்றீங்க? காட்டு எலாகாவா?"

குப்பம்மா அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"எலாகா எல்லாம் இல்லலா தம்பி. காடு மட்டும்தான் எங்களுது."

களத்தில் யாரும் சிரிக்கவில்லை. காக் லிஜா என் முழங்கையை இடித்து, என்ன சொன்னார் என்று கேட்டார். மலாயில் சொன்னேன். அவர் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு ஓர் அடி முன்னால் போய், இடுப்பில் கை வைத்து, அந்தக் கிராணியைப் பார்த்து அதையே மலாயில் மறுபடி ஒரு தடவை சொன்னார்.